மூக்கு சூடேறும் நேரம்

ஜூலையில் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்பது மும்பைக்காரர்களுக்குச் செய்தியே இல்லை. காந்தி மார்க்கெட் பக்கம் சாலை கிண்ணம்போலக் குழிந்திருக்கும். அரை மணி நேரம் வலுத்துப் பெய்தால் முழங்கால் அளவு ஏறிவிடும். அப்படியொரு மாலையில் அந்தத் தண்ணீரை முதல் கியரிலேயே உருட்டிக் கடந்து செம்பூர் வந்து சேர்ந்தேன். வண்டி நிற்கவில்லை, திணறவில்லை. நான்கு நாள் கழித்து ஒரு காலை, சயான் போய்ச் சேருமுன் டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் எரிந்தது.

வண்டி எப்போதும்போலவே ஓடியது. இழுவை குறையவில்லை, சத்தம் மாறவில்லை. ‘ஓடத்தானே செய்கிறது’ என்று நானும் ஒரு வாரம் விட்டுவிட்டேன். பிறகு போன பணிமனையில் ஸ்கேனரைச் செருகினார்கள். பி0135 என்ற கோளாறு எண் வந்தது. “ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு, புதுசு போடணும்” என்றார்கள். விலை சில ஆயிரம். சென்சாரின் வயர் இணைப்பான கப்ளரைக்கூடக் கழற்றாமல் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு ஸ்கேனர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். அதில் இருந்த வரி: ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் சர்க்யூட், பேங்க் 1, சென்சார் 1.

அந்த வரியில் ‘சர்க்யூட்’ என்றொரு சொல் இருக்கிறது. அதை யாரும் படிக்கவில்லை. பேட்டரியில் புறப்பட்டுப் பேட்டரிக்கே திரும்பும் ஒரு முழுச் சுற்று அது. சென்சார் அதில் ஒரு கண்ணி மட்டும்தான். தெருவுக்கே கரன்ட் வரவில்லை என்ற புகாருக்கு ஒரு வீட்டில் பல்பை மாற்றிவிட்டுப் போனால் என்ன ஆகும்? அதுதான் நம் ஊர்களில் தினமும் நடக்கிறது. நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போகின்றன, விளக்கு மறுபடி எரிகிறது, பிறகு வண்டிக்காரர் வெறுத்துப்போய் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்.

முதலில் அந்தச் சென்சார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1 கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெரும்பகுதி மீத்தேனாக இருக்கும் சிஎன்ஜிக்கு 17 கிலோவுக்குச் சற்று மேல். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடும் எரியாத எரிபொருளும் வெளியேறும். கூடினால், சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்டரால் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்க முடியாமல் போகும். மூன்று நஞ்சுகளையும் கன்வெர்டர் ஒருசேர அடக்குவது அந்த 14.7-ஐ ஒட்டிய மிகக் குறுகிய இடைவெளியில் மட்டுமே. அந்த இடைவெளிக்குள் கலவையை நிறுத்திவைக்க, போகிற புகையை ஒருவர் இடைவிடாமல் முகர்ந்து சொல்ல வேண்டும். ஆக்சிஜன் சென்சார்தான் அந்த மூக்கு.

மூக்கின் உள்ளே இருப்பது சிர்கோனியா என்னும் பீங்கான், கூடவே கொஞ்சம் இட்ரியம். பீங்கானின் ஒரு பக்கம் புகை படும், மறுபக்கம் வெளிக்காற்று இருக்கும். இரண்டு பக்கமும் பிளாட்டினப் பூச்சு. சிர்கோனியம் அயனிக்கு நான்கு நேர்மின்னூட்டம், இட்ரியத்துக்கு மூன்று. இந்தக் குறையைச் சரிக்கட்ட, இரண்டு இட்ரியத்துக்கு ஓர் ஆக்சிஜன் இருக்கை படிகத்துக்குள் காலியாக விடப்படுகிறது. காலை எட்டு மணி லோக்கலில் ஒருவர் எழுந்தால் அடுத்தவர் அங்கே நகர்ந்து உட்காருவார், அவர் இடத்துக்கு இன்னொருவர் நகர்வார். காலி இடம் பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பயணம் செய்யும். ஆக்சிஜன் அயனிகள் பீங்கானுக்குள் அப்படித்தான் நகர்கின்றன. ஆக்சிஜன் மிகுந்த வெளிக்காற்றுப் பக்கத்திலிருந்து குறைந்த புகைப் பக்கம் போக அவை முண்டும்போது பிறக்கிற மின்னழுத்தம்தான் சென்சாரின் சமிக்ஞை. எரிபொருள் மிகுந்த புகையென்றால் ஏறத்தாழ 0.9 வோல்ட். காற்று மிகுந்த புகையென்றால் 0.1 வோல்ட். நடுக்கோடு 0.45.

ஒரு நிபந்தனை உண்டு. அயனி ஓர் இருக்கையிலிருந்து அடுத்ததற்குத் தாவ வெப்பம் வேண்டும். குளிர்ந்திருக்கும்போது அது இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். பீங்கான் 300, 350 டிகிரியைத் தாண்டினால்தான் மூக்கு முகரத் தொடங்கும். அதற்குக் கீழே அது வெறும் பீங்கான் துண்டு.

இந்தப் பிடிவாதத்தை முதலில் சந்தித்தவர்கள் கார்க்காரர்கள் அல்லர். செறிவு வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் சமன்பாட்டை 1889-இல் தந்த ஜெர்மானியர் வால்டர் நெர்ன்ஸ்ட், 1897-இல் ஒரு விளக்கு செய்தார். எடிசனின் கரியிழைக்குப் பதிலாக சிர்கோனியாவும் இட்ரியாவும் கலந்த பீங்கான் குச்சி. சூடாக இருந்தால் மின்சாரத்தைக் கடத்திக் கண் கூசும்படி ஒளிரும். ஆறியிருந்தால் கடத்தவே கடத்தாது. தொடக்க கால விளக்குகளில் குச்சியைத் தீக்குச்சி கொண்டு சூடேற்றினார்கள். பிறகு பக்கத்திலேயே ஒரு பிளாட்டினக் கம்பிச் சுருளை வைத்தார்கள். முதலில் சுருள் சூடாகும், அந்தச் சூட்டில் குச்சி விழித்துக்கொள்ளும், பிறகு சுருள் தானே அணைந்துவிடும். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் இந்த விளக்குகளை எரியவிட்டது. டங்ஸ்டன் இழை வந்ததும் நெர்ன்ஸ்ட் விளக்கு மறைந்துபோனது. ஆனால் அதே பீங்கான், அதே சமன்பாடு, பக்கத்தில் அதே சூடேற்றும் சுருள், மூன்றும் இன்று நம் சைலன்சர் குழாயில் திருகப்பட்டிருக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

1976-இல் போஷ் நிறுவனம் இந்த ஆக்சிஜன் சென்சாரை லாம்ப்டா சென்சார் என்ற பெயரில் காருக்குக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவுக்குப் போன வோல்வோ கார்களில் அது முதலில் ஏறியது. அந்தச் சென்சாருக்கு ஹீட்டர் கிடையாது, ஒரே ஒரு வயர்தான். இன்ஜின் புகை தன்னைச் சூடாக்கும்வரை காத்திருக்கும். நெடுஞ்சாலையில் பறக்கும் காருக்கு அது போதும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் காருக்குப் போதாது. 1982-இல் ஹீட்டர் சேர்ந்தது. இன்று பெரும்பாலும் நான்கு வயர்கள்: இரண்டு சமிக்ஞைக்கு, இரண்டு ஹீட்டருக்கு. ஹீட்டரின் இரண்டும் பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும். சில கம்பெனிகள் இரண்டு வெள்ளை தரும், சில இரண்டு கறுப்பு. நிறம் எதுவானாலும் ஜோடியைத் தேடினால் ஹீட்டர் அகப்பட்டுவிடும்.

மும்பைக்கு இந்த ஹீட்டர் எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள். செம்பூரிலிருந்து தாராவிக்குப் போகிற வண்டி, பாதி நேரம் நின்றபடி முனகிக்கொண்டிருக்கும். ஐடிலில் புகை மெலிந்து வரும், சூடும் குறையும். ஹீட்டர் இல்லாத மூக்கு அந்த நேரத்தில் மறுபடி ஆறிப்போகும். ஆறினால் வண்டியின் கணினி, மெக்கானிக்குகள் ஈசிஎம் என்பார்களே, அது புகையின் சேதி கிடைக்காமல் மனப்பாடக் கணக்கில் பெட்ரோலை ஊற்றும். பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடவே ஊற்றும்.

பழைய மும்பையில் இந்தப் பிரச்சினையே எழுந்ததில்லை. குர்லாவில் செய்யப்பட்ட பிரீமியர் பத்மினிக்குக் கார்புரேட்டர் மட்டும்தான். காதால் கேட்டு, மூக்கால் முகர்ந்து ஜெட்டைத் திருகிச் சரிசெய்த கைகள் தாராவியிலும் மாட்டுங்காவிலும் நிறைய இருந்தன. 1995 ஏப்ரலில் மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்டர் கட்டாயமானது. அதோடு ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. ஈயம் பட்டால் கன்வெர்டரும் சென்சாரும் இரண்டுமே செத்துவிடும் என்பதால் இந்த இரண்டும் சேர்ந்துதான் வர முடியும். 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. 2013 ஏப்ரலிலிருந்து புதுக் கார்கள் தங்கள் புகைக் கருவிகளைத் தாமே சோதித்துக்கொண்டு, கோளாறு கண்டால் விளக்கேற்ற வேண்டும் என்றானது. கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றது. பத்மினிக்கு டியூனிங் செய்த கைகள் பலவும் இப்போது மல்டிமீட்டர் பிடிக்கின்றன. அப்படியொருவரிடம்தான் நான் போனேன்.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அவர் கடை. ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை மட்டும்தான். அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பம். நானும் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்ததும் ‘சார்’ போய் ‘அண்ணாச்சி’ வந்துவிட்டது.

“சென்சாரைக் களட்டிப் பாத்தாகளா அண்ணாச்சி?”

“இல்லை.”

“அப்பம் சென்சார் போச்சுன்னு எப்படிச் சொன்னாக? மொதல்ல கரன்ட் வருதான்னு பாப்போம். கரன்ட் வந்தும் சூடாவலேன்னாத்தான் அது மேல குத்தம்.”

ஹீட்டர் சுற்றின் பாதை எளிது. பேட்டரி, ரிலே, ஃபியூஸ், கப்ளர், ஹீட்டர், மறுபடி கப்ளர், ஈசிஎம், அங்கிருந்து எர்த். சாவி போட்டதும் ஹீட்டரின் ஒரு முனைக்கு 12 வோல்ட் வந்து நிற்கும். மறுமுனையை ஈசிஎம் பிடித்திருக்கும். அது எர்த்தோடு சேர்த்தால் ஹீட்டர் எரியும், விட்டால் அணையும். விநாடிக்குப் பல முறை சேர்த்து விட்டு, எவ்வளவு சூடு வேண்டுமோ அவ்வளவே கொடுக்கும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய உடனே முழுச் சூடு கொடுப்பதில்லை. சைலன்சரில் இரவெல்லாம் குளிர்ந்து தேங்கிய நீர்த்துளி ஒன்று பழுக்கச் சூடான பீங்கானில் தெறித்தால், அடுப்பில் காய்ந்த மண்சட்டியில் தண்ணீர் விட்டதுபோல் விரிசல் விழும். ஆகவே குழாய் காயும்வரை ஈசிஎம் பொறுமையாக இளஞ்சூடு மட்டும் தரும்.

எர்த் பக்கத்தைத் தன் கையில் வைத்திருப்பதால் ஈசிஎம்முக்கு ஒரு வசதி இருக்கிறது. தான் விட்டிருக்கும் நேரத்தில் அந்த வயரில் 12 வோல்ட் தெரிய வேண்டும், ஏனென்றால் ஹீட்டர் வழியாக அது இறங்கி வருகிறது. தெரியவில்லை என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது வயர் பாடியில் உரசி எர்த் ஆகியிருக்கிறது. அப்போது பி0031. தான் சேர்த்திருக்கும் நேரத்தில் வோல்ட் பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் எங்கிருந்தோ நேரடிக் கரன்ட் அந்த வயரில் கலக்கிறது. அப்போது பி0032. இரண்டும் சரி, ஆனால் ஓட வேண்டிய கரன்ட் ஓடவில்லை, சென்சார் உரிய நேரத்தில் விழிக்கவில்லை என்றால் பி0135. கன்வெர்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சாருக்கு இதே வரிசையில் பி0037, பி0038, பி0141. கம்பெனிக்குக் கம்பெனி இந்த எல்லைகள் கொஞ்சம் மாறும், ஆனால் அடிப்படை இதுதான். என் வண்டிக்கு வந்தது 31 அல்ல, 135 என்பதே ஒரு துப்பு: சுற்று அறுந்துபோகவில்லை, நொண்டுகிறது.

இன்னொரு துப்பையும் அவர் கேட்டார். “ரெண்டு சென்சாருக்கும் வந்துதா, ஒண்ணுக்கு மட்டுமா?” இரண்டுக்கும் ஒரே நாளில் ஹீட்டர் கோளாறு வந்தால் இரண்டும் ஒன்றாகச் செத்திருக்க வாய்ப்பு குறைவு. இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு ஒன்றுக்கு மட்டும்தான் வந்திருந்தது. ஃபியூஸை எப்படியும் பிடுங்கிப் பார்த்தார், நன்றாகவே இருந்தது.

பிறகு பானட்டைத் தூக்கிச் சென்சாரின் கப்ளரைக் கழற்றினார். இன்ஜின் ஆறியிருந்தது. சென்சார் பக்கத்து ஜோடி வயரில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தார். 6.2 ஓம். குளிர்ந்த ஹீட்டர்கள் வகைக்கேற்ப சில ஓம்களிலிருந்து பதினைந்து ஓம் சுமாருக்குள் காட்டும். அறுந்திருந்தால் மீட்டர் எதையும் காட்டாது. “உசுரோடதான் இருக்கு” என்றார். பணிமனைக்காரர்கள் செத்ததாகச் சொன்ன சென்சாருக்கு உயிர் இருப்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இந்த ஒரு அளவைத்தான் அங்கே யாரும் எடுக்கவில்லை.

அடுத்து வண்டிப் பக்கத்துக் கப்ளர். சாவி போட்டு, 12 வோல்ட் வர வேண்டிய முனையில் மீட்டரை வைத்தார். 12.3. நான் அந்த இடத்தில் தவறான முடிவுக்குப் போயிருப்பேன். சென்சாரும் நன்று, கரன்டும் வருகிறது, அப்படியானால் ஈசிஎம்தான் கெட்டிருக்க வேண்டும், பத்து மடங்கு செலவு. அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பை எடுத்தார். 21 வாட், இரண்டு வயர் பற்றவைத்தது. ஒரு முனையைக் கப்ளரிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் தொட்டார். பளிச்சென்று எரிய வேண்டிய பல்பு, அணையப்போகும் திரிபோல மங்கிச் சிவந்தது. பல்பு தொட்டிருக்கும்போதே மீட்டரைப் பார்த்தால் 12.3 இருந்த இடத்தில் 3 வோல்ட்.

இதுதான் மொத்தச் சோதனையின் இதயம். மீட்டர் ஒரு சொட்டுக் கரன்டைக்கூடக் குடிப்பதில்லை. நூறு இழை கொண்ட வயரில் ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் அது முழு வோல்டையும் காட்டிவிடும். சால் குடியிருப்பில் குழாயை மூடி வைத்திருக்கும்போது அழுத்தம் நன்றாகவே இருக்கும். உள்ளே அடைப்பு இருக்கிறது என்பது குழாயைத் திறந்து குடத்தை வைக்கும்போதுதான் தெரியும். பல்பு என்பது அந்தக் குடம். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கேனரும் சுமை கொடுத்துப் பார்க்கிற இந்த வேலையைச் செய்வதில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கரன்ட் தரும் பக்கத்துக்கு 21 வாட் சரி. ஈசிஎம் பிடித்திருக்கும் வயரைச் சோதிக்க அவ்வளவு பெரிய பல்பு கூடாது, 5 வாட் போதும். கப்ளரின் இரண்டு ஹீட்டர் முனைக்கும் குறுக்கே அந்தச் சின்னப் பல்பை வைத்து இன்ஜினைக் கிளப்பினால், ஈசிஎம் விட்டு விட்டுச் சேர்ப்பதற்கேற்ப அது துடிக்கும். துடித்தால் வண்டிப் பக்கம் முழுவதும் நலம், அப்போதுதான் சந்தேகத்தைச் சென்சார் மேல் திருப்பலாம்.

அடைப்பு எங்கே? பல்பை எரியவிட்டபடியே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டிவிட்டு, மறுமுனையை வயர் வழியாக நடத்திக்கொண்டு போனார். ஃபியூஸ் வரை இழப்பு 0.1 வோல்ட். ஃபியூஸைத் தாண்டியும் அதேதான். ஃபயர்வாலை ஒட்டிக் கறுப்பு டேப் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் 0.1, அந்தப் பக்கம் 9.2. விரலால் தொட்டுப் பார்த்தவர் என் கையையும் பிடித்து அதில் வைத்தார். சுட்டது.

டேப்பைப் பிரித்தால் பச்சைக் களிம்பு. எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் சிஎன்ஜி கிட் போட்டிருந்தார். கிட்டுக்குச் சாவி போட்டதும் வரும் கரன்ட் ஒன்று தேவை. கிட் போட்டவர் கைக்கு எட்டிய ஹீட்டர் வயரைச் சீவி, அதில் இன்னொரு வயரை முறுக்கி, டேப் சுற்றிவிட்டார். டேப்புக்குள் போன தண்ணீர் வெளியே வராது. கிங்ஸ் சர்க்கிள் தண்ணீரோ, அதற்கு முந்தைய மழைகளோ, செம்பு இழை இழையாக உப்பாகிவிட்டிருந்தது. கணக்குப் போட்டால் அந்த முடிச்சில் ஏறத்தாழ 10 ஓம் தடை. 6.2 ஓம் ஹீட்டருக்குத் தொடக்கத்தில் 23 வாட் கிடைக்க வேண்டும். 10 ஓம் குறுக்கே நின்றதால் மூன்றரை வாட்தான் கிடைத்தது. முடிச்சோ ஐந்தரை வாட்டைத் தின்றது. சென்சாரைச் சூடாக்க வேண்டிய மின்சாரம் டேப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

மும்பையில் டாக்சி, ஆட்டோ, வீட்டுக் கார் என்று சிஎன்ஜி ஓட்டுகிறவர்கள் ஏராளம். மகாநகர் கேஸ் 1995-இல் தொடங்கப்பட்டதிலிருந்து இந்த நகரத்தின் காற்றுக்கு அந்த வாயு செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. இன்றைய சீக்வென்ஷியல் கிட்டுகள் கலவையைச் சரிபார்க்க இதே ஆக்சிஜன் சென்சாரைத்தான் நம்பியிருக்கின்றன. பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் ஒரே மூக்கு. அந்த மூக்கின் வயரையே வெட்டி ஒட்டுவதுதான் வேதனை. கிட்டுக்குத் தனி ஃபியூஸ், தனி வயர் இழுக்க அரை மணி நேரம் ஆகாது.

அவர் களிம்பு ஏறிய பகுதியை வெட்டி எறிந்து, செம்பு மினுங்கும் இடத்தில் புது வயர் சேர்த்து, கிரிம்ப் செய்து, பற்றவைத்து, உள்ளே பசை பூசிய சுருங்கு குழாயைப் போட்டுச் சூடுகாட்டி மூடினார். கிட்டுக்கு வேறு இடத்திலிருந்து ஃபியூஸோடு கரன்ட் கொடுத்தார். அப்போது ஒன்று சொன்னார். “இது வண்டி வயரு, பத்தவைக்கலாம். சென்சார்லேருந்து வார வயரை மட்டும் பத்தவைக்கவே கூடாது அண்ணாச்சி. அது மூச்சு விடுத வழி.”

உண்மை. பீங்கானின் மறுபக்கத்துக்கு வெளிக்காற்று வேண்டும் என்று முன்னே சொன்னேன் அல்லவா? சென்சார் தண்ணீர் புகாதபடி மூடப்பட்டிருக்கிறது. பல சென்சார்களில் அந்தக் காற்று, வயரின் செம்பு இழைகளுக்கும் மேலுறைக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாகத்தான் கப்ளரிலிருந்து உள்ளே போகிறது. அந்த வயரை வெட்டி ஈயம் உருக்கி ஊற்றினாலும், கப்ளரில் கிரீஸ் அப்பினாலும் மூச்சுப்பாதை அடைபடும். ஹீட்டர் சூடாகும், ஆனால் ஒப்பிடக் காற்றில்லாமல் சென்சார் பொய் சொல்லும். அக்கறையோடு கிரீஸ் தடவி, நல்லது செய்வதாக நினைத்துச் சென்சாரைக் கொல்பவர்கள் உண்டு. சைலன்சர் வேலையில் சிலிக்கோன் பசை தடவுவதும் இப்படியே. அதன் ஆவி பிளாட்டினத்தின் மேல் படிந்துவிடும்.

மற்ற காரணங்களும் உண்டு. வயர் கிளிப்பிலிருந்து நழுவிச் சைலன்சர் குழாயில் சாய்ந்து உருகும், நிறுத்திய வண்டியில் எலி கடிக்கும், கப்ளர் முள் தளரும். வந்து வந்து மறையும் கோளாறென்றால் பல்பை எரியவிட்டு வயரை இடம் இடமாக அசைத்துப் பார்க்க வேண்டும், எங்கே கண் சிமிட்டுகிறதோ அங்கே நோய். ஹீட்டரே அறுந்துபோவதும் உண்டு. அப்போது புதுச் சென்சார்தான் வழி. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதுபோல ஒரு வெள்ளத்தில், ஓடிக்கொண்டிருந்த வண்டி சைலன்சரோடு மூழ்கினால் சுடச்சுட இருக்கும் பீங்கான் பிளந்தே போகலாம். எதுவானாலும் பல்பும் மீட்டரும் சொன்ன பிறகே செலவு.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹீட்டருக்குப் பதிலாகக் கப்ளரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி ஈசிஎம்மை ஏமாற்றி விளக்கை அணைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கரன்ட் ஓடுகிறது என்று ஈசிஎம் சமாதானம் ஆகிவிடலாம். மூக்கோ ஆறிக்கிடக்கும். புகைச் சான்றிதழுக்கான பியூசி சோதனையிலும் இது பெரும்பாலும் அகப்படாது. சோதனைக்கு வரும் வண்டி ஓடிச் சூடேறியே வருகிறது, அந்தச் சூட்டில் ஹீட்டர் இல்லாமலே சென்சார் வேலை செய்யும். கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், சான்றிதழ் கையில். ஹீட்டர் உழைப்பது காலையில் கிளப்பிய முதல் நிமிடங்களிலும் நெரிசலில் நிற்கும் நேரத்திலும். அந்த நேரத்துப் புகையை எந்தக் கருவியும் அளப்பதில்லை. அளப்பது நுரையீரல்கள்தான். மாகுலில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை வைத்துக்கொண்டு, பல ஆண்டுகளாகக் காற்றுக்குக் கெட்ட பெயர் வாங்கிய செம்பூரில் நான் இருக்கிறேன். ஆலைப் புகையை என்னால் நிறுத்த முடியாது. தொண்ணூறு அடி ரோட்டில் என் வண்டி நிற்கும்போது அதன் சைலன்சர் உயரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகம் இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பு.

வேலை முடிந்ததும் எர்ரரை அழித்துவிடுங்கள் என்றேன். மறுத்துவிட்டார். “நாம அழிச்சா விளக்கு அணையும், ஆனா சரியாச்சான்னு தெரியாது. வண்டியே பாத்து அணைக்கட்டும்.” தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதனை தேறினால் ஈசிஎம் தானே விளக்கை அணைத்துவிடும் என்பது இந்த ஏற்பாட்டின் விதி.

லேமிங்டன் ரோட்டில் வாங்கிய சின்ன ஸ்கேனர் ஒன்று வீட்டில் இருந்தது. மறுநாள் விடியற்காலை, மழை ஓய்ந்திருந்த நேரத்தில், அதைச் செருகி முதல் சென்சாரின் வோல்டைத் திரையில் வரவைத்து இன்ஜினைக் கிளப்பினேன். 0.45-இல் நேர்கோடு. பத்து விநாடி, பதினைந்து, இருபது, கோடு அசையவில்லை. இருபத்து நான்காவது விநாடியில் கோடு சட்டென்று 0.2-க்கு இறங்கியது, 0.8-க்கு ஏறியது, மறுபடி இறங்கியது. பிறகு நிற்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை சயான் தாண்டும்போது டேஷ்போர்டைப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு எரியவில்லை.